எங்கிட்டு நிக்கப் போற? 7 அடியா, 9 அடியா, 12 அடியா: ராமநாதபுரம் கரைக்கு ஒரு தூண்டில் கம்பு

"எத்தனை அடி வாங்கலாம் அண்ணே?" என்று கேட்கிறவர்களில் பாதிப் பேர், நான் வாயைத் திறப்பதற்குள் பதிலையும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள்: "நீளமா இருந்தா தூரம் போகும்ல?" நானும் அந்தக் கணக்கில்தான் முதல் ராடை வாங்கினேன். 14 அடி, அதாவது 4.2 மீட்டர். பார்சலைப் பிரித்த கையோடு பாம்பனுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். என் வீட்டுக்காரிக்குச் சித்தப்பா, எனக்குச் சின்ன மாமா, அங்கே நாற்பது வருசமாக வத்தையில் (சிறு படகு) தொழில் பார்க்கிறவர். அவர் வத்தையில் உட்கார்ந்து ராடை விரித்தேன். அடிக்கட்டை இந்தப் பக்கத்து விளிம்பில் முட்டிக்கொண்டு நிற்க, நுனி அந்தப் பக்கம் போய்ப் பக்கத்து வத்தைக்காரர் தலைக்கு மேல் ஆடியது. மாமா சிரிக்கவில்லை. "எங்கிட்டு நின்டு போடப் போற மாப்ள?" என்று மட்டும் கேட்டார்.

அன்று என்னிடம் பதில் இல்லை. ராடு வாங்குவதற்கு முன் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி அதுதான் என்று புரிவதற்கு மூன்று ராடும் கொஞ்சம் தோள்வலியும் செலவாயின. என்ன மீன் என்பது இரண்டாவது கேள்வி. எவ்வளவு தூரம் என்பது மூன்றாவது. கால் எங்கே நிற்கிறது, கம்பு நுனிக்கும் மீனுக்கும் நடுவில் கிடப்பது அலையா, கல்லா, கடற்புல்லா, முதுகுக்குப் பின்னால் சீமைக்கருவேலம் இருக்கிறதா, சுற்றுலா வந்த கூட்டம் இருக்கிறதா, இதையெல்லாம் பார்த்துத்தான் நீளம்.

நம் மாவட்டத்துக்கு இது கூடுதலாகவே பொருந்தும், ஏனென்றால் நமக்கு ஒன்றுக்கு இரண்டு கடல். தொண்டி, தேவிபட்டினம், ஆற்றங்கரை, மண்டபத்தின் வடபக்கம் எல்லாம் பாக் விரிகுடா. ஆழம் குறைவு, அடியில் சேறும் கடற்புல்லும். பாம்பனுக்குத் தெற்கே கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் என்று போவது மன்னார் வளைகுடா. அங்கே மணலும் பாரும் (கடலடிப் பாறைத்திட்டு), கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் நல்ல அலையும். தனுஷ்கோடியில் ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கடல், அந்தப் பக்கம் ஒரு கடல். பெண்கடல், ஆண்கடல் என்று பேர். பேரை நம்பி இருந்துவிட வேண்டாம். கச்சான் அடிக்கிற மாதங்களில் ஆண்கடல் முரடு பிடிக்கும், வடக்கே குளம் மாதிரி கிடக்கும். ஐப்பசிக்குப் பிறகு வாடை திரும்பினால் கதை மாறிப்போகும். ஆக ஒரே இடத்துக்கே மாதத்தைப் பொறுத்து வேறு வேறு கம்பு கேட்கும் கரை இது.

நீளத்தால் என்ன வருகிறது, என்ன போகிறது

கம்பு வீசும்போது நுனிதான் நரம்பின் (தூண்டில் கயிறு) முனையில் கட்டிய ஈயத்தைத் தூக்கி எறிகிறது. கை ஒரே வேகத்தில் சுழன்றால், கம்பு நீள நீள நுனியின் வேகம் கூடும். அதனால் தூரமும் கூடும். இதுவரை எல்லோருக்கும் தெரியும். கை அதே வேகத்தில் சுழலுமா என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை. நீளக் கம்பு கனம், காற்றும் பிடிக்கும். 13 அடிக்கு மேல் போனால் என்னைப் போல நடுத்தர உடம்புக்காரன் சுழற்றும் வேகம் குறைந்து, கூடிய நீளம் கொடுத்ததை அதுவே தின்றுவிடுகிறது. என் 14 அடியைவிட நண்பரின் 12 அடியில் நான் தூரமாகப் போட்டேன். ஒருமுறை அதிர்ஷ்டத்தில் நடந்தது இல்லை, அன்று காலை முழுக்க அப்படித்தான்.

மீன் மாட்டிய பிறகு கணக்கு தலைகீழ். நெம்புகோலில் நீளமான பக்கம் யாரிடம் இருக்கிறதோ அவருக்குத்தான் பலம். கம்பு கையில் இருக்கும்போது நீளமான பக்கம் மீனிடம் இருக்கிறது. 5 கிலோ இழுக்கிறது என்று வையுங்கள். வளைந்து நிற்கும் கம்பின் நுனி உங்கள் முன்கையிலிருந்து 2 மீட்டர் தள்ளி இருக்கிறது, பின்கை அரை மீட்டர் பின்னால் அடிக்கட்டையைப் பிடித்திருக்கிறது என்றால், பின்கை தாங்க வேண்டியது 20 கிலோ. அதே மீன், அதே நரம்பு, நுனி 1 மீட்டர் தள்ளி இருந்தால் 10 கிலோதான். படகில் பெரிய மீனோடு மல்லுக்கட்டுகிறவர்கள் குட்டைக் கம்பு வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான். அவர்களுக்குத் தூரம் எறிய வேண்டிய தேவையே இல்லை, கீழே விட்டால் போதும்.

இன்னொரு லாபம் நீளத்துக்கு உண்டு. அதைக் கடைக்காரர்கள் சொல்வதில்லை, நம் தென்கரைக்கு அதுதான் முக்கியம்: உயரம்.

தென்கடல் மணலில்: 12 அடியா, 10 அடியா

தனுஷ்கோடியின் தென்கரையும் வாலிநோக்கம் பக்கத்து மணற்கரையும் சரிவு கூடியவை. அலை தூரத்தில் உடைந்து உருண்டு வருவதில்லை. கரைக்கு வெகு அருகே வந்து நின்று, ஒரே அடியாக அடிக்கிறது. ஆழமும் பக்கத்திலேயே ஆரம்பிக்கிறது. பாறை மீனும் கட்டாவும் ஊளியும் சாளைக் கூட்டத்தை விரட்டிக்கொண்டு அந்த அலைக்குப் பின்னாலேயே வரும். அப்படியென்றால் 100 மீட்டர் எறிய வேண்டிய அவசியம் பல நாள் இல்லை. புதிதாக வருகிறவர்கள் மீனின் தலைக்கு மேலாகத் தாண்டிப் போட்டுவிட்டு, மீன் இல்லை என்று திரும்புகிறார்கள்.

பின்னே எதற்கு 12 அடி? அலை அடிக்கும்போது நரம்பு அந்த நுரைக்குள் கிடந்தால், தண்ணீர் அதைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டே போகும். ஈயம் நகர்ந்து கரைக்கு வந்துவிடும். பாசியும் குப்பையும் நரம்பில் தோரணம் கட்டும். மீன் தொட்டதும் அலை இழுத்ததும் ஒன்று போலவே தெரியும். கம்பு நுனி உயரமாக நின்றால் நரம்பு முதல் அலைக்கு மேலாகவே போய், அதற்கு அப்பால் தண்ணீரில் இறங்கும். 12, 13 அடிக் கம்பை நிற்கவைத்தால் நுனி தரையிலிருந்து 4 மீட்டர் உயரத்துக்கு வந்துவிடுகிறது. 9 அடிக்கு அது முடியாது.

இங்கே ஒரு மலிவான வழி இருக்கிறது. நாலு அடி பி.வி.சி. குழாயை ஒரு முனையில் சாய்வாக வெட்டி மணலில் அடித்துக் கம்பை அதில் நிறுத்துவது எல்லோரும் செய்வது. அதே குழாயை ஆறு அடியாக வெட்டி, உள்ளே அடிக்கட்டை மேலேயே நிற்கும்படி ஒரு போல்ட்டைக் குறுக்கே மாட்டிவிட்டால், 10 அடிக் கம்பு 12 அடி உயரத்தில் நிற்கும். இரண்டு அடிக் கம்புக்குக் கொடுக்கும் காசு இரண்டு அடிக் குழாய்க்கு ஆகாது. மீன் அடித்ததும் குழாயிலிருந்து உருவி எடுப்பது கொஞ்சம் சிரமம், அவ்வளவுதான். வருசத்துக்கு நாலைந்து தடவை மட்டும் தென்கரைக்குப் போகிறவருக்கு இதுவே போதும் என்பேன்.

வாரம் தவறாமல் போகிறவர், கச்சான் காலத்திலும் விடாமல் போகிறவர் என்றால் 12 அடியே வாங்குங்கள். 100 முதல் 200 கிராம் வரை தாங்கும் என்று கம்பில் அச்சடித்திருக்க வேண்டும். கச்சான் காற்று நரம்பை வில் மாதிரி வளைத்துவிடும். அந்த நேரத்தில் 120, 150 கிராம் ஈயம், அதிலும் கம்பிக்கால் வைத்தது, இல்லாமல் மணலில் நிற்காது. அவ்வளவு ஈயத்தை முழு வேகத்தில் எறியும்போது, ரீலில் இருக்கும் மெல்லிய நரம்பின் முனையில் தடித்த நரம்பு ஒன்றைக் கட்டாயம் கட்ட வேண்டும். 30 கிராம் ஈயத்துக்கு 10 பவுண்டு என்பது பழைய கணக்கு. 150 கிராமுக்கு 50 பவுண்டு. நடுவில் அறுந்தால் அந்த ஈயம் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. தனுஷ்கோடியில் உங்களுக்குப் பின்னாலும் பக்கத்திலும் குடும்பம் குடும்பமாகச் செல்ஃபி எடுத்துக்கொண்டிருப்பார்கள். 12 அடிக் கம்பைப் பின்னால் சாய்த்து எறிய உங்களைச் சுற்றி ஒரு சின்ன வீட்டளவு இடம் காலியாக இருக்க வேண்டும். கூட்டம் இருந்தால் அன்று எறிய வேண்டாம். அமாவாசை அன்று சேதுக்கரையில் கம்பை எடுக்கவே எடுக்காதீர்கள். தர்ப்பணம் கொடுக்க வந்தவர்கள் இடுப்பளவு தண்ணீரில் நிற்பார்கள்.

தென்கரையில் நிற்கிறவர் மணலிலேயே நிற்க வேண்டும். கூடுதல் தூரம் கிடைக்கும் என்று தண்ணீருக்குள் இறங்கக் கூடாது, அந்தச் சரிவில் அலை திரும்பும்போது காலடி மணலையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகும். மாலைக்கு மேல் தனுஷ்கோடியில் இருக்க விடமாட்டார்கள், ஆகவே இரவுத் தூண்டில் என்ற திட்டத்தையும் அங்கே வைக்க வேண்டாம்.

என் 14 அடி இப்போது நண்பர் ஒருவரிடம் இருக்கிறது. ஆறடிக்கு மேல் உயரம், கபடி ஆடிய தோள். அவர் கையில் அது அழகாகவே வேலை செய்கிறது.

வடகடலில்: கம்பைக் குறைத்து, காலை நனை

பாக் விரிகுடாப் பக்கம் வந்தால் அலைக்கு மேல் நரம்பைத் தூக்கும் பிரச்சினையே இல்லை. அரியமான் போன்ற கரையில் அமைதியான நாளில் வெகுதூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டுவதில்லை. கிழங்கான், ஊடான், ஓரா, முரல் எல்லாம் அந்த ஆழம் குறைந்த தண்ணீரில்தான் மேய்கின்றன. கரையில் நின்று 12 அடிக் கம்பால் எறிவதைவிட, 30 அடி நடந்து போய் 8 அடிக் கம்பால் எறிவது எளிது. ஈயமும் 15, 20 கிராம் போதும். கிழங்கான் வாய் சின்னது. அது இரையைக் கிள்ளுவது தடித்த கம்பில் தெரியவே தெரியாது. மெல்லிய நுனி உள்ள 8 அடி, 2500 அல்லது 3000 அளவு ரீல். சின்ன மீன்கூடப் பெரிய மீனாகத் தெரியும், அது ஒரு சந்தோஷம்.

அப்படியானால் 7 அடி வாங்கினால் இன்னும் லகுவாக இருக்காதா? இடுப்பளவு தண்ணீரில் நின்று பாருங்கள். உங்கள் உயரத்தில் பாதி தண்ணீருக்குள் போய்விட்டது. 7 அடிக் கம்பைப் பின்னால் சாய்த்தால் ஈயம் தண்ணீரைத் தொடும். அதோடு, கடற்புல். தாழை என்று சொல்லும் அந்தப் புல் படுகைகளின் மேல் நரம்பு படிந்தால், சுற்றும்போது முள் ஒவ்வொரு முறையும் ஒரு கைப்பிடிப் புல்லோடு வரும். நுனி ஓரடி உயர்ந்தாலும் இதில் வித்தியாசம் தெரிகிறது. நான் இங்கே 7-ஐயும் 8-ஐயும் 9-ஐயும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து 8-இல் நின்றேன். 9 அடியும் குறை சொல்ல முடியாது, காலை முழுக்கக் கையில் பிடித்திருந்தால் மணிக்கட்டு சொல்லும்.

தண்ணீருக்குள் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடங்கள். மணலுக்குள் படுத்திருக்கும் திருக்கை சத்தம் கேட்டு ஒதுங்கிப் போய்விடும், மிதித்தால்தான் முள்ளால் குத்தும்.

முரலுக்கு வேறு ஒரு வழி உண்டு. ரீலே இல்லாத நீளக் கம்பு. கண்மாயில் மூங்கில் கம்பு வைத்துக் கெண்டை பிடித்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. 4.5 மீட்டரிலிருந்து 6 மீட்டர் வரை மடக்குக் கம்புகள் கிடைக்கின்றன. கம்பு நீளத்துக்கே நரம்பு, ஒரு தக்கை, சின்ன முள், இறால் துண்டு. மேல்தண்ணீரில் திரியும் முரலுக்கு முன்னால் இரையை ஓசையில்லாமல் இறக்கி வைக்கலாம். இங்கே நீளம் என்பது எறியும் தூரமே இல்லை, எட்டும் தூரம். சின்னப் பிள்ளைகளுக்குத் தூண்டில் பழக்க இதைவிட நல்லது எதுவும் இல்லை. ரீலில் சிக்கு எடுத்தே அவர்கள் பொழுது போய்விடாது. 3.6 மீட்டர் அவர்களுக்குப் போதும், அதற்கு மேல் கனம். ஒரே எச்சரிக்கை: கார்பன் கம்பு மின்சாரத்தைக் கடத்தும். மின்கம்பிக்கு அடியில் நிமிர்த்திக்கொண்டு நடக்கக் கூடாது. ஐப்பசி கார்த்திகையில் இடி கேட்டால் கம்பைக் கீழே போட்டுவிட்டு வீட்டைப் பாருங்கள்.

கல்லிலும் படகு ஜெட்டியிலும்

கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிக் கொட்டியிருக்கும் கற்களுக்கு அரசாங்கம் வைத்த பேரே தூண்டில் வளைவு. பேர் பொருத்தத்துக்காகவே அங்கே தூண்டில் போடலாம். கல்லின் மேல் நிற்கிறவருக்கு இரண்டு தேவை. காலடிக் கற்களைத் தாண்டி நரம்பை எட்ட நிறுத்த நீளம் வேண்டும். 7 அடிக் கம்பு வைத்திருந்தால் மீன் கடைசி நேரத்தில் கல்லிடுக்குக்குள் பாய்ந்து நரம்பைக் கல்லில் உரசி அறுத்துக்கொண்டு போகும். கலவாவுக்கு அதுவே தொழில். அதே நேரத்தில் வழுக்கும் கல்லில் நின்று 13 அடிக் கம்பை வீசினால் நாம்தான் கடலுக்குள் போவோம். ஆகவே 9 முதல் 10 அடி. பாப்பர் (தண்ணீர் மேல் தத்தி வரும் போலி இரை), மின்னுகிற இரும்பு லூர் (போலி இரை) என்று எறிந்து எறிந்து சுற்றுகிற வேலைக்கும் இதுதான் சரியான நீளம். 12 அடியை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரத்தில் அறுபது தடவை எறிந்து பாருங்கள், மறுநாள் சட்டை மாட்டக் கை தூக்க முடியாது.

கல்லில் அடிக்கடி நிற்பவர் 9 அடி 6 அங்குலம், 20 முதல் 60 கிராம் லூர் தாங்குவது, 4000 அல்லது 5000 ரீல், பிரெய்டு (பின்னிய) நரம்பு, முனையில் ஒன்றரை மீட்டருக்குக் குறையாத தடித்த தங்கூசி (நைலான் நரம்பு) என்று வைத்துக்கொண்டால் பாறை, கட்டா, ஊளி மூன்றுக்கும் ஈடுகொடுக்கும். ஊளிக்குப் பல் உண்டு. தங்கூசியும் நிற்காது, ஒரு சாண் கம்பி கட்டுங்கள்.

ஜெட்டி வேறு. மேலிருந்து கீழே பார்த்து நிற்கிறோம், கீழே கட்டைகளைச் சுற்றி மீன். நேராக இறக்கிவிட 7 அடி தாராளம். ஆனால் பாம்பன் கால்வாய்ப் பக்கம் நீரோட்டம் பலமாக இருக்கும், இரண்டு கடலும் அந்த இடுக்கு வழியாகவும் தண்ணீரை மாற்றிக்கொள்கின்றன. இறக்கிய ஈயம் ஜெட்டிக்கு அடியிலேயே போய்ச் சிக்கும். நுனியை வெளியே நீட்டிப் பிடிக்க 8, 9 அடி இருந்தால் தப்பிக்கலாம். நீளம் எதுவாக இருந்தாலும் கம்பால் மீனைத் தூக்காதீர்கள். ஒரு கிலோ பாறையைப் பத்தடி மேலே தூக்கும்போதுதான் கம்பு ஒடியும், கடலில் சண்டை போடும்போது இல்லை. கயிறு கட்டிய வலைக்கூடை ஒன்று வேண்டும். ஜெட்டி படகுக்காரர்கள் பிழைக்கிற இடம். மீன் இறக்கும் நேரத்தில் நம் பொழுதுபோக்கை ஒதுக்கி வைப்பதுதான் மரியாதை.

கணவாய் பிடிப்பவர்கள் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். இறால் வடிவ லூரை வெட்டி வெட்டி இழுக்கும் அந்த வேலைக்கு 8 முதல் 8 அடி 6 அங்குலம் வரை மெல்லிய கம்பு. வேறு நீளத்தை யோசிக்க வேண்டியதில்லை.

முகத்துவாரத்தில்: 7 அடிக்கு மேல் பேச்சே இல்லை

வைகை கடலில் சேரும் ஆற்றங்கரை, குண்டாறு வந்து விழும் மூக்கையூர்ப் பக்கம், மழைக்குப் பிறகு வாய் திறக்கும் சின்னச் சின்ன ஓடைகள், இங்கெல்லாம் கொடுவாவும் செப்பிலியும் மடவையும். எதிர்க்கரை எறிதூரத்துக்குள் இருக்கிறது. பின்னால் சீமைக்கருவேலம் முள்ளை நீட்டிக்கொண்டு நிற்கிறது. 9 அடிக் கம்பைத் தலைக்கு மேல் சுழற்றினால் லூர் முதலில் மாட்டுவது அந்த மரத்தில்தான். நான் ஒரு பருவத்தில் மரத்துக்குக் கொடுத்த லூர்களின் விலையில் இன்னொரு ராடு வாங்கியிருக்கலாம்.

6 அடி 6 அங்குலம் முதல் 7 அடி வரை. பக்கவாட்டில் தாழ்த்தி எறியலாம், மரத்தடியில் குனிந்து நுழையலாம், லூரை ஒரு தட்டு அளவு இடத்தில் குறிபார்த்து இறக்கலாம். ஆனால் நீளம் குறைவு என்பதற்காக மெலிந்த கம்பு வாங்கிவிடக் கூடாது. கொடுவா அடித்தவுடன் வேருக்குள் ஓடும். முதல் இரண்டு மூன்று நொடியில் நிறுத்தினால் மீன் நமக்கு, இல்லையென்றால் வேருக்கு. குட்டையும் முறுக்கும் சேர்ந்த கம்பு இங்கே வேண்டும். கண்மாயில் விராலுக்குத் தவளை லூர் போடுகிறவர்களிடம் இருப்பது கிட்டத்தட்ட இதே கம்புதான், தனியாக வாங்க வேண்டாம். உப்புத் தண்ணீரில் போட்ட அன்றே நல்ல தண்ணீரில் கழுவினால் போதும்.

காரங்காட்டு அலையாத்திக் காடு போன்ற இடங்களுக்குப் படகில் போய்ப் பறவை பாருங்கள், கம்பை வீட்டில் வைத்துவிடுங்கள்.

வத்தையில்: கம்பா, கைநரம்பா

இங்கேதான் மாமாவுக்கும் எனக்கும் இன்னும் தீராத வழக்கு.

அவர் கையில் ஒரு கட்டையில் சுற்றிய தங்கூசி, முனையில் ஈயம், இரண்டு முள். விரல் இடுக்கில் நரம்பு ஓடும். நீளம் என்ற கேள்வியே இல்லை. மீன் இரையை மோந்து பார்ப்பதுகூட அவருக்கு விரலில் தெரியும் என்று சொல்வார், நான் பார்த்தவரை பொய்யில்லை. விளைமீன், கலவா, சங்கரா என்று பாரின் மேல் நின்று பிடிப்பதற்கு அவர் கைநரம்பை என் கம்பு ஒரு நாளும் ஜெயித்ததில்லை. ஒருமுறை என் 6 அடிக் கம்பைக் கொடுத்துப் பார்த்தேன். இரண்டு மீன் பிடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "நல்லாத்தான் இருக்கு. மீனு தொட்டது கையில தெரியலயே மாப்ள, கம்பு சொல்லித்தான நான் கேக்க வேண்டியிருக்கு."

அவர் கை நாற்பது வருசம் காய்த்துப்போன கை. என் விரலில் நரம்பு ஓடினால் வெட்டிவிடும். ஆகவே எனக்குக் கம்பு வேண்டும். அடியில் இரை போட்டுப் பிடிக்க 6 முதல் 7 அடி. உட்கார்ந்தபடி பிடிக்கும் வத்தையில் 6, நிற்க வசதியுள்ள ஃபைபர் படகில் 7. இரும்பு ஜிக்கைக் கீழே விட்டு வெட்டி வெட்டி ஏற்றும் ஜிக்கிங்குக்கு 5 அடி 6 அங்குலம் முதல் 6 அடி 6 அங்குலம் வரை. கை ஓயாமல் ஆட்டும் வேலை, ஒவ்வொரு அங்குலமும் மேலே சொன்ன கணக்கில் தோளுக்கு வந்து சேரும். படகிலிருந்து பாப்பர் எறிகிறவருக்கு மட்டும் 7 அடி 6 அங்குலத்துக்கு மேல் போகலாம், அதுவும் படகில் இருவருக்கு மேல் இல்லாதபோது. சீலாவுக்கும் சூரைக்கும் லூரைப் படகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போவதற்கு 5 அடி 6 அங்குலம், 6 அடி. அங்கே கம்பு எறிவதே இல்லை, படகின் விளிம்பில் செருகித்தான் இருக்கும்.

பாக் விரிகுடாப் பக்கம் ஆழமே பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு மீட்டர் என்பதால் ஆழ்கடல் ஜிக்கிங் கம்பு வாங்கி வைத்துக்கொண்டு வடகடலில் காத்திருப்பதில் பிரயோசனம் இல்லை. தென்பக்கம் போகிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: ராமேசுவரத்திலிருந்து தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. தீவுப் பக்கம் கூட்டிப்போகிறேன் என்று யாராவது ஆசை காட்டினால் இறங்கிக்கொள்ளுங்கள்.

துண்டு, பஸ், அக்குள்

நீளத்தை முடிவு செய்த பிறகு அது எத்தனை துண்டாக மடங்குகிறது என்று பார்க்க வேண்டும். கம்பில் 702 என்று எழுதியிருந்தால் 7 அடி, 2 துண்டு. 12 அடிக் கம்பு இரண்டு துண்டு என்றால் ஒரு துண்டே 6 அடிக்கு மேல். ராமநாதபுரத்திலிருந்து தனுஷ்கோடிக்குப் பஸ்ஸில் அதைக் கொண்டுபோவது கரும்புக் கட்டு கொண்டுபோவது மாதிரி. பைக்கில் இன்னும் மோசம். மூன்று துண்டு என்றால் 4 அடிச் சொச்சம், ரயிலில் மேல் தட்டில் வைக்கலாம். ஒன்றுக்குள் ஒன்று இழுக்கும் மடக்குக் கம்பு எல்லாவற்றிலும் வசதி, ஆனால் நம் ஊர் மணல் அதன் எதிரி. இணைப்புக்குள் நாலு மணல் போனால் இறுகிக்கொள்ளும். பலம் போட்டுத் திருகினால் விரிசல். மடக்குக் கம்பு வைத்திருப்பவர் அதை மணலில் படுக்கவைக்கவே கூடாது. என் ஓட்டு மூன்று துண்டுக்கு.

கடையில் நின்று பார்க்க ஒரு சோதனை. அடிக்கட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு கையைக் கம்போடு நீட்டுங்கள். ரீல் மாட்டும் இடம் உங்கள் உள்ளங்கைக்கு வந்து சேர்ந்தால் அது உங்கள் கம்பு. விரல் நுனிக்கும் எட்டாமல் தள்ளி நின்றால், எத்தனை அடி என்று எழுதியிருந்தாலும் அது வேறொருவருக்குச் செய்தது. உயரம் குறைந்தவர்களுக்கும் பெண்களுக்கும் 12 அடியில் இந்தப் பிரச்சினை அடிக்கடி வரும். அவர்கள் 10 அடி 6 அங்குலமும் உயரக் குழாயும் என்று போனால் ஒன்றும் இழப்பதில்லை.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால்

9 அடி. மூன்று துண்டு, 20 முதல் 60 கிராம், 4000 ரீல். கல்லில் முழுதாகப் பொருந்தும், ஜெட்டியில் ஒப்பேறும், வடகடலில் கொஞ்சம் கனம், தென்கடலில் அலை அடங்கிய மார்கழி தை மாதங்களில் 50 கிராம் ஈயத்தோடு தாராளமாகப் போடலாம். முகத்துவாரத்தில் மரத்துக்கு லூர் கொடுப்பீர்கள், வத்தையில் மாமா முறைப்பார். அந்த இரண்டு இடமும்தான் உங்களுக்குப் பிரதானம் என்றால் 7 அடி வாங்கிவிட்டு 9-ஐ மறந்துவிடுங்கள்.

இரண்டு வாங்கலாம் என்றால் 9-ஐயும் 12-ஐயும் சேர்த்து வாங்காதீர்கள், பலர் செய்யும் தவறு இது. இரண்டும் ஒரே வேலையில் பாதியைப் பங்குபோட்டுக்கொள்ளும். 7-ம் 12-ம் வாங்குங்கள், அல்லது 8-ம் 10-ம். நான் இப்போது வைத்திருப்பது 7, 9 அடி 6 அங்குலம், 12. இதில் 12 அடிக் கம்பு போன வருசம் மொத்தம் ஆறு தடவைதான் வீட்டைவிட்டு வெளியே வந்தது. வீட்டுக்காரி கணக்கு வைத்திருக்கிறாள்.